சர்க்கரையும் இதயத்தின் காயமும்

சர்க்கரை நோய் உள்ளவரின் காலில் சின்னதாய் ஒரு புண் வந்தால் போதும், வீடே பதறும். செருப்பு கடித்த இடம், முள் குத்திய இடம், நகம் வெட்டும்போது பட்ட கீறல்... எதுவாக இருந்தாலும், "சுகர் இருக்கு, லேசுல ஆறாது, உடனே டாக்டர்கிட்ட காட்டு" என்று பக்கத்து வீட்டுப் பாட்டிகூடச் சொல்வார். புண் வந்ததே தெரியாது, தெரிந்த பிறகும் சீக்கிரம் ஆறாது. இந்த இரண்டும் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரிந்த மருத்துவ உண்மைகள்.

இதே இரண்டும் இதயத்துக்கும் பொருந்தும் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

"சர்க்கரை இருந்தால் மாரடைப்பு வர வாய்ப்பு அதிகம்" என்பது எல்லா மருத்துவமனைச் சுவரிலும் ஒட்டியிருக்கும் வாசகம். உண்மைதான். ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதி, மாரடைப்பு வந்த பிறகு நடப்பது. ஒரே இடத்தில் அடைப்பு, அடைத்திருந்த நேரமும் ஒன்றே என்று இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சர்க்கரை இல்லை, மற்றவருக்கு 15 வருடமாக இருக்கிறது. இருவருக்கும் முடிவு ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏன்? அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

மருத்துவம் படிப்பவர்களுக்கு இதில் சில பகுதிகள் பழைய பாடமாக இருக்கும். மற்றவர்களுக்காக அடிப்படையிலிருந்து தொடங்குவது நல்லது.

இதயத்துக்குக் காயம் என்றால் என்ன?

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்புகிற இந்தத் தசை, தன் அறைகளுக்குள் இருக்கும் ரத்தத்தை நம்பி வாழ்வதில்லை. அதன் வெளிப்புறமாக ஓடும் கரோனரி ரத்தக் குழாய்கள்தான் அதற்குச் சாப்பாடு போடுகின்றன. அவற்றில் ஒன்றின் உள்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, குழாய் அடைத்துக்கொண்டால் அதுதான் மாரடைப்பு.

அடைத்தவுடன் அந்தப் பகுதித் தசை முழுவதும் ஒரே நொடியில் செத்துவிடுவதில்லை. 1977-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் ரைமரும் ராபர்ட் ஜென்னிங்ஸும் நாய்களின் இதயத்தில் இதை அளந்து காட்டினார்கள். சாவு இதயச் சுவரின் உள்பக்கத்தில் தொடங்கி, அலை போல வெளிப்பக்கம் நோக்கி நகர்கிறது. 40 நிமிடம் அடைத்துத் திறந்தால் ஆபத்திலிருந்த தசையில் சுமார் 38 சதவீதம் போயிருந்தது. 6 மணி நேரம் கழித்துத் திறந்தால் 71 சதவீதம் போயிருந்தது. நிமிடத்துக்கு நிமிடம் தசை கைவிட்டுப் போகிறது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

போன தசை திரும்பி வருமா? கிட்டத்தட்ட வராது. 2009-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் ஒரு வித்தியாசமான வழியில் இதைக் கணக்கிட்டார்கள். பனிப்போர்க் காலத்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14, அந்தக் காலத்தில் பிறந்த செல்களின் மரபணுவில் பதிந்திருக்கும். அதை வைத்து இதயத் தசைச் செல்களின் வயதைக் கண்டுபிடித்தார்கள். 25 வயதில் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதச் செல்கள்தான் புதிதாக உண்டாகின்றன, 75 வயதில் அதிலும் பாதிக்கும் குறைவு. பெரிய மாரடைப்பில் சாகும் செல்களோ கோடிக்கணக்கில். ஆகவே இழந்த தசையின் இடத்தில் இதயம் தழும்பு போட்டுத்தான் அடைக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அடைப்பை நீக்கி ரத்தத்தைத் திரும்ப விடுவதுதான் சிகிச்சை. ஆனால் பட்டினி கிடந்த தசைக்குள் ஆக்சிஜன் திடீரென்று பாயும்போது, அதுவும் கொஞ்சம் சேதம் செய்கிறது. அதற்காகத் திறக்காமல் விட முடியாது, திறந்தே ஆகவேண்டும். அடைப்பு தரும் காயம், திறப்பு தரும் காயம் இரண்டையும் சேர்த்துத்தான் இதயம் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

இதைச் சமாளிக்க இதயத்துக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. முதலில் கத்தி உதவிக்குக் கூப்பிட வேண்டும். பிறகு உதவி வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். கடைசியாகப் புண்ணை ஒழுங்காக ஆற்ற வேண்டும். சர்க்கரை நோய் இந்த மூன்றிலும் கை வைக்கிறது.

1. கத்தாத இதயம்

சினிமாவில் மாரடைப்பு என்றால் ஒரே காட்சிதான். அப்பா வேடத்தில் நடிப்பவர் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, சோபாவில் சாய்வார். நிஜத்தில் பாதிப் பேருக்கு மேல் நெஞ்சு வலியோ அழுத்தமோ வருகிறது என்பது சரிதான். ஆனால் மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர் அல்ல.

2000-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவமனைகளில் மாரடைப்போடு சேர்க்கப்பட்ட 4 லட்சத்து 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேட்டை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியானது. அவர்களில் மூன்றில் ஒருவர் நெஞ்சு வலியே இல்லாமல் வந்தவர். வலி இல்லாதவர்களிடையே சர்க்கரை நோயாளிகள் அதிகம் (32.6 சதவீதம், வலியோடு வந்தவர்களில் 25.4 சதவீதம்). அவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேரச் சராசரியாக 7.9 மணி நேரம் ஆனது, வலியோடு வந்தவர்களுக்கு 5.3 மணி. மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 23.3 சதவீதம், வலி வந்தவர்களில் 9.3 சதவீதம். வலி இல்லாதவர்கள் வயதிலும் மூத்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் அந்த இடைவெளி பயமுறுத்துகிறது.

வலி ஏன் வருவதில்லை? காலில் முள் குத்தியது ஏன் தெரியவில்லையோ, அதே காரணம்தான். பல வருடச் சர்க்கரை நரம்புகளை அரிக்கிறது. பாதத்தின் நரம்பு போனால் எரிச்சல், மதமதப்பு, பிறகு உணர்ச்சியின்மை. இதயத்துக்குப் போய் வரும் தன்னியக்க நரம்புகளும் அதே நோய்க்குத் தப்புவதில்லை. இதயம் கத்துகிறது, ஆனால் கம்பி அறுந்த தொலைபேசி போல மூளைக்குச் செய்தி போவதில்லை.

இதில் ஒரு கொடுமையான குழப்பமும் சேர்கிறது. வலி இல்லாத மாரடைப்பில் வரும் அறிகுறிகள் என்னென்ன? குப்பென்று வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், காரணமில்லாத அசதி, மூச்சு வாங்குவது, குமட்டல். சர்க்கரை நோயாளிக்கு இந்தப் பட்டியலைப் பார்த்தால் என்ன தோன்றும்? "லோ சுகர்!" மாத்திரையோ இன்சுலினோ போட்டுச் சாப்பாடு தாமதமானால் இதே வியர்வையும் படபடப்பும்தான் வரும். உடனே வாயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை, கொஞ்ச நேரம் படுக்கை. தாழ் சர்க்கரையாக இருந்தால் 15 நிமிடத்தில் சரியாகிவிடும். மாரடைப்பாக இருந்தால் அந்த அலை உள்ளேயிருந்து வெளியே நகர்ந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது குழப்பம் 'கேஸ்'. மேல் வயிறு பிசைகிறது, ஏப்பம் வருகிறது. ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, சோடா, ஜெலுசில் என்று ஒவ்வொன்றாக இறங்கும். விடியட்டும் பார்க்கலாம் என்பார்கள். இப்படிப் போகிற இரவுகளின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

அப்படியானால் சர்க்கரை நோயாளிகள் எல்லோரையும் பிடித்து ஸ்கேன் எடுத்து மறைந்திருக்கும் பாதிப்பைக் கண்டுபிடித்துவிடலாமே? அதையும் முயன்று பார்த்தார்கள். டி.ஐ.ஏ.டி. என்ற ஆய்வில், எந்த அறிகுறியும் இல்லாத டைப் 2 சர்க்கரை நோயாளிகளில் 22 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் ரத்த ஓட்டக் குறைவு அல்லது வேறு மாறுபாடு தெரிந்தது (2004). ஆனால் ஸ்கேன் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சுமார் 5 வருடத்தில் மாரடைப்பு, இதய மரணம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2009-ல் முடிவு வந்தது. ஸ்கேனை விட ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை மூன்றையும் நிதானமாகக் கட்டுக்குள் வைப்பதே பெரிய லாபம் என்பதுதான் அதிலிருந்து கிடைத்த பாடம்.

2. ஒத்திகை மறந்த இதயம்

1986-ல் அதே டியூக் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் மர்ரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். சில நாய்களுக்கு இதயக் குழாயை நேரடியாக 40 நிமிடம் அடைத்தார்கள். வேறு சில நாய்களுக்கு முதலில் 5 நிமிடம் அடைப்பு, 5 நிமிடம் திறப்பு என்று நான்கு முறை செய்துவிட்டுப் பிறகு 40 நிமிடம் அடைத்தார்கள். இரண்டாவது கூட்டத்துக்குச் சேதம் அதிகமாக இருக்க வேண்டும், இல்லையா? மொத்தமாகப் பார்த்தால் ரத்தமில்லாமல் கிடந்த நேரம் அவற்றுக்குத்தானே கூடுதல்?

நடந்தது தலைகீழ். அவற்றின் சேதம் முதல் கூட்டத்தோடு ஒப்பிட்டால் கால் பங்குதான் இருந்தது!

சின்னச் சின்னப் பட்டினி, பெரிய பட்டினிக்கு இதயத்தைத் தயார் செய்கிறது. ஒரு வகையில் ஒத்திகை. இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் இதன் பின்னால் ஓடின. செல்லின் மேலும், அதன் எரிசக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவிலும் இருக்கும் ஒரு வகைப் பொட்டாசியம் வாசல்கள் திறப்பது இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது என்று தெரிந்தது.

மனிதர்களிலும் இதன் நிழல் தெரிகிறது. பெரிய மாரடைப்புக்கு முந்தைய நாள் இரண்டு நாளில் சிலருக்கு நெஞ்சில் லேசான வலி வந்து வந்து போகும். அப்படி வந்தவர்களுக்குப் பிறகு வரும் மாரடைப்பின் சேதம் பெரும்பாலும் குறைவாக இருப்பதைப் பல மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்த முன்வலி ஒத்திகையாக வேலை செய்கிறது.

2001-ல் ஜப்பானின் ஹிரோஷிமாவிலிருந்து வந்த ஆய்வு இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. முதல் முறையாக மாரடைப்பு வந்தவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லாதவர்களுக்கு முன்வலி பலன் தந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தப் பலன் தெரியவே இல்லை. ஒத்திகை நடந்தும் பாடம் மனதில் ஏறவில்லை.

அதே 2001-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து ஆய்வாளர்கள், அறுவை சிகிச்சையின்போது எடுக்கப்பட்ட மனித இதயத் தசைத் துணுக்குகளைக் குடுவையில் வைத்துச் சோதித்தார்கள். சாதாரணத் தசைத் துணுக்கை ஒத்திகை காப்பாற்றியது. சர்க்கரை நோயாளியின் தசைத் துணுக்கையும், பலவீனமான இதயத்தின் துணுக்கையும் காப்பாற்றவில்லை. ஆக இது நரம்பின் கோளாறு மட்டும் இல்லை. தசைக்குள்ளேயே ஏதோ ஒன்று மாறிவிடுகிறது.

இதில் மாத்திரைகளுக்கும் ஒரு துணைக்கதை இருக்கிறது. கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரைகள் கணையத்தில் இருக்கும் அதே வகைப் பொட்டாசியம் வாசலை மூடித்தான் இன்சுலினை வெளியே தள்ளுகின்றன. இதயத்தின் வாசலையும் சேர்த்து மூடினால்? ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் நடந்தது, ஒத்திகைப் பாதுகாப்பு போய்விட்டது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த கிளிமிபிரைடை லினாகிளிப்டினோடு ஒப்பிட்ட கரோலினா ஆய்வில் (2019), மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. குடுவையில் தெரிவது எல்லாம் மனிதனில் அப்படியே தெரிவதில்லை.

எலிகளும் இதே எச்சரிக்கையைத்தான் தருகின்றன. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தால் கணையத்தைக் கெடுத்துச் சர்க்கரை வரவழைத்த எலிகளில், சில ஆய்வுக்கூடங்களில் முதல் சில வாரங்களில் இதயம் அடைப்பை மற்ற எலிகளை விட *நன்றாகவே* தாங்கியது! வேறு ஆய்வுக்கூடங்களில் மோசமாகத் தாங்கியது. இளம் எலிக்கு நாலு வாரச் சர்க்கரையும், 60 வயது மனிதருக்கு 20 வருடச் சர்க்கரையோடு ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் சேர்ந்து இருப்பதும் ஒன்றல்ல. காலம்தான் இந்த நோயின் முக்கியமான மருந்தளவு. எத்தனை வருடமாக, எவ்வளவு கட்டுப்பாடில்லாமல் என்பதே கேள்வி.

எரிபொருள் கணக்கு

தாக்குப்பிடிக்கும் சக்தி குறைய இன்னொரு காரணம் எரிபொருள். இதயம் எதையும் எரிக்கும். கொழுப்பு, குளுக்கோஸ், லாக்டேட், எது கிடைத்தாலும் சரி. சாதாரண நிலையில் பெரும்பகுதி கொழுப்பிலிருந்தும், மீதி குளுக்கோஸ் போன்றவற்றிலிருந்தும் வருகிறது. ஆக்சிஜன் தட்டுப்பாடு வந்தால் புத்திசாலி இதயம் குளுக்கோஸ் பக்கம் சாய்கிறது. காரணம், அதே அளவு சக்தி எடுக்கக் கொழுப்புக்கு ஏறக்குறைய 10 சதவீதம் அதிக ஆக்சிஜன் வேண்டும். தவிர, ஆக்சிஜனே இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டக் குளுக்கோஸால் மட்டும்தான் முடியும்.

சர்க்கரை நோயாளியின் இதயத்தில் என்ன வேடிக்கை என்றால், ரத்தத்தில் குளுக்கோஸ் வழிகிறது, ஆனால் செல்லுக்குள் அது சரியாகப் போவதில்லை. இன்சுலினின் சொல் கேட்டுக் கதவைத் திறக்க வேண்டிய புரதங்கள் மந்தமாகிவிட்டன. ஆகவே இதயம் கொழுப்பையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. ஊரே தண்ணீரில் மிதக்கும்போது குடிக்கத் தண்ணீர் இல்லாத வெள்ளக் காலம் போல. ஆக்சிஜன் குறையும் அந்த நிமிடங்களில் எரிபொருளை மாற்றும் சாமர்த்தியம் அதற்கு இல்லை.

3. ஒழுங்காக ஆறாத புண்

அடைப்பு நீங்கிவிட்டது, ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, ஆள் பிழைத்துவிட்டார். குடும்பம் பெருமூச்சு விடுகிறது. இதயத்துக்கு வேலை இப்போதுதான் ஆரம்பம்.

முதல் நாளிலேயே நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் படையெடுத்து வந்து செத்த செல்களைத் தின்னத் தொடங்கும். அடுத்த சில நாட்களில் மேக்ரோஃபேஜ்கள் வரும். முதலில் வருபவை இடிக்கும் ஆட்கள், பிறகு அவையே கட்டும் ஆட்களாக மாறும். கொலாஜன் இழைகள் படியும், புதிய நுண் ரத்தக் குழாய்கள் முளைக்கும். சுமார் ஆறு முதல் எட்டு வாரத்தில் உறுதியான தழும்பு தயார். பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டுவது போலத்தான். இடிப்பவர்கள் சரியான நேரத்தில் கிளம்பினால்தான் கொத்தனார் வேலை தொடங்க முடியும்.

சர்க்கரை நோயில் இடிப்பவர்கள் கிளம்புவதில்லை. அழற்சி அளவுக்கு மீறி, நாள் கடந்து நீள்கிறது. மேக்ரோஃபேஜ்கள் கட்டும் வேலைக்கு மாறத் தாமதமாகிறது. புதுக் குழாய் முளைக்கச் செய்யும் சமிக்ஞைகளுக்குச் செல்கள் சரியாகப் பதில் தருவதில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து உதவிக்கு வர வேண்டிய செல்கள் எண்ணிக்கையிலும் குறைவு, திறமையிலும் குறைவு. பெரிய குழாயைத் திறந்த பிறகும் நுண்குழாய்களில் ரத்தம் போகாமல் நிற்பதும் இவர்களுக்கு அதிகம்.

கடைசியில் தழும்பின் தரம். தோசை ஓரம் சிவந்து முறுகுவது புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்வதால் நடக்கும் வேதிவினை. அதை விவரித்தவர் பிரான்ஸைச் சேர்ந்த லூயி கமீல் மையார், ஆண்டு 1912. அதே வகை வினை உடம்பின் மிதமான சூட்டில், மிக மெதுவாக, வருடக்கணக்கில் நடக்கிறது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அளப்பது இந்த வினையின் ஒரு ஆரம்பக் கட்டத்தைத்தான். இதயத்தின் கொலாஜன் இழைகளும் இப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விறைக்கின்றன. அடிபட்ட இடம் மட்டும் இல்லை, அடிபடாத மிச்சத் தசையும் விறைக்கிறது. ஆகவே சில ஆய்வுகளில் ஒரு விசித்திரம் தெரிந்தது. மாரடைப்புக்குப் பிறகு சர்க்கரை நோயாளிகளின் இதயம் மற்றவர்களை விட அதிகமாக ஊதிப் பெரிதாகவில்லை. ஆனாலும் அவர்களுக்கே இதயச் செயலிழப்பு அதிகம் வந்தது. பெரிதாகாததால் நலம் என்று பொருளில்லை. விரிந்து ரத்தத்தை வாங்க முடியாத அளவு விறைப்பு என்றும் பொருள் இருக்கலாம்.

இந்தக் கதைக்குப் பழைய சாட்சிகள் உண்டு. 1972-ல் நியூயார்க்கில் ரூப்ளரும் உடன் பணிபுரிந்தவர்களும், இதயச் செயலிழப்பால் இறந்த நான்கு சர்க்கரை நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கரோனரிக் குழாயில் பெரிய அடைப்பு இல்லை, வேறு காரணமும் இல்லை. ஆனால் இதயத் தசை கெட்டிருந்தது. 1974-ல் மாசசூசெட்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948 முதல் நடந்து வந்த ஆய்விலிருந்து கணக்கு வந்தது. சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரண்டு மடங்குக்கு மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு. ஐந்து மடங்கு! பெண்களுக்கு மாரடைப்பு வராது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கும் வீடுகளில் இந்த எண்ணை எழுதி ஒட்டலாம்.

அப்படியானால் சர்க்கரையை அடியோடு இறக்கிவிட்டால்?

எல்லோருக்கும் தோன்றும் யோசனை இதுதான். மருத்துவர்களுக்கும் தோன்றியது.

1995-ல் ஸ்வீடனில் நடந்த டிகாமி ஆய்வில், மாரடைப்போடு வந்த 620 சர்க்கரை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு உடனே இன்சுலின்-குளுக்கோஸ் ட்ரிப்பும், தொடர்ந்து ஊசியும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் இறந்தவர்கள் 18.6 சதவீதம், மற்ற கூட்டத்தில் 26.1 சதவீதம். எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2005-ல் டிகாமி-2 வந்தது, அந்த லாபம் உறுதியாகவில்லை.

2008-ல் அக்கார்டு ஆய்வு இன்னும் பெரிய அடி கொடுத்தது. பல வருடச் சர்க்கரையும் இதய ஆபத்தும் உள்ள 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ஹெச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே இறக்கக் கடுமையாக முயன்றார்கள். அந்தக் கூட்டத்தில் மரணம் அதிகமானதால் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. சர்க்கரையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இருபது வருடம் படிந்த கறையை இரண்டு மாதத்தில் முரட்டுத்தனமாகத் தேய்த்து எடுக்க முடியாது என்றுதான் அர்த்தம். ஆரம்பத்திலேயே, நிதானமாக, தொடர்ந்து கட்டுப்படுத்துவதன் பலன் வேறு ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உண்மையான திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை இதயத்துக்குக் கெடுதல் செய்கிறதா என்று சோதிக்க 7,020 பேரிடம் ஆய்வு செய்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. இதயக் காரணத்தால் வரும் மரணம் 38 சதவீதம் குறைவு, இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதம் குறைவு. 2019-ல் அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை *இல்லாத* இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் உதவியது. ஆகவே இது சர்க்கரையைக் குறைப்பதால் மட்டும் வரும் நன்மை இல்லை. ஆனால் மாரடைப்பு வந்த கையோடு கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்த 2024-ஆம் ஆண்டு ஆய்வில், மரணத்தையும் இதயச் செயலிழப்புச் சேர்க்கையையும் சேர்த்து எண்ணியதில் தெளிவான குறைவு கிடைக்கவில்லை. மந்திர மாத்திரை என்று ஒன்று இன்னும் வரவில்லை.

ஒத்திகையையும் சிகிச்சையாக மாற்றிப் பார்த்தார்கள். கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தினால் தூரத்திலிருக்கும் இதயத்துக்கும் ஒத்திகைப் பாதுகாப்பு கிடைக்கும் என்று விலங்குகளில் தெரிந்திருந்தது. 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்ததில் பலன் இல்லை (2019). ஆய்வுக்கூடத்தின் இளம், ஆரோக்கியமான விலங்குக்கும், மருத்துவமனைக் கட்டிலில் பல நோய்களோடு படுத்திருக்கும் மனிதருக்கும் இடையிலிருக்கும் தூரம் இந்தத் துறையின் தீராத தலைவலி.

வீட்டில் செய்ய வேண்டியது

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வு, சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தியது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏழு பேரில் ஒருவர். இதைப் படிக்கும் யாருக்கும் இது அடுத்த வீட்டுக் கதை இல்லை.

மேலே சொன்ன மூன்றில் ஒத்திகையும் எரிபொருளும் புண் ஆறுவதும் ஆராய்ச்சியாளர்கள் கையில் இருக்கின்றன. முதலாவது மட்டும் வீட்டில் இருப்பவர்கள் கையில் இருக்கிறது. இதயம் கத்தவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர்தான் அதற்காகக் கத்த வேண்டும்.

- சர்க்கரை உள்ளவருக்குத் திடீர் வியர்வை, மூச்சு வாங்கல், இதுவரை இல்லாத அசதி, தாடை அல்லது தோள் வலி, வயிற்றுப் பிசைவு வந்தால் நெஞ்சு வலிக்காகக் காத்திருக்கக் கூடாது.
- 'லோ சுகர்' என்று தோன்றினால் வீட்டில் இருக்கும் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் வியர்வை நிற்கவில்லை என்றால் அது சர்க்கரையின் வேலை இல்லை.
- மீட்டர் இல்லையென்றால் சர்க்கரை கொடுத்துப் பார்க்கலாம். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் கிளம்பிவிட வேண்டும்.
- 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். ஒரு இ.சி.ஜி. எடுக்க ஐந்து நிமிடம் போதும். சந்தேகம் இருந்தால் கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று எடுப்பார்கள்.
- தமிழ்நாட்டு அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் கட்ட மாத்திரைகள் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. பெரிய ஊர் ஆஸ்பத்திரி தூரம் என்று தயங்க வேண்டியதில்லை.
- சேர்க்கும்போது முதல் வாக்கியமே "இவருக்கு இத்தனை வருஷமா சுகர்" என்பதாக இருக்கட்டும். வலி இல்லாததால் வரிசையில் பின்னால் தள்ளப்படாமல் இருக்க அது உதவும்.

இவை எதுவும் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று இல்லை. மாத்திரை சம்பந்தமான எந்த மாற்றமும் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

காலை விளக்கில் பார்த்து, புண் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் பழக்கம் பல வீடுகளில் வந்துவிட்டது. நல்ல பழக்கம். இதயத்தை அப்படித் தடவிப் பார்க்க முடியாது. அதனால் அப்பாவோ அத்தையோ ராத்திரி பதினொரு மணிக்கு வேர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, கேஸ்தான், நீ போய்ப் படு" என்று சொன்னால், அன்றைக்கு மட்டும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.